சிங்கப்பூரில் முதல் சொகுசுச் சிறிய கார்: புதியதா, பழையதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு திருமண வரவேற்பில், ஒரே மாலையில் மூன்று பேர் என்னிடம் கார் பற்றிக் கேட்டார்கள். மூவருக்கும் மனத்தில் இருந்தது ஒரே ஆசைதான்: ஜெர்மானியச் சின்னம் பதித்த சிறிய கார், ஆனால் குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடக் கூடாது. நானும் என் கணவரும் இதுவரை ஒரு புதிய காரும் இரண்டு பழைய கார்களும் வாங்கியிருக்கிறோம். அவற்றுள் ஒன்று எங்களைப் படாத பாடு படுத்தியது. உறவினர்களும் அண்டைவீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கநிலைச் சொகுசு கார் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

மெர்சிடிஸ்-பென்ஸ் ஏ-கிளாஸ், சிஎல்ஏ, பிஎம்டபிள்யூ 1 சீரிஸ், 2 சீரிஸ் கிரான் கூப்பே, ஆவ்டி ஏ3 ஆகியவை இந்த வரிசையின் பழகிய முகங்கள். சற்று உயரமான வண்டி வேண்டும் என்பவர்கள் லெக்சஸ் யூஎக்ஸ், வால்வோ எக்ஸ்சி40 பக்கம் போகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கார்கள் பலவற்றின் அடித்தளம் சாதாரணக் கார்களோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது. ஆவ்டி ஏ3-க்கும் வோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கும் அடித்தளம் ஒன்றே. 2018-இல் வந்த ஏ-கிளாசின் 1.3 லிட்டர் இயந்திரம் ரெனோ கூட்டணியோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. இதனால் அவை மட்டமான கார்கள் ஆகிவிடவில்லை. இருக்கையின் அமைப்பு, உள்ளே கேட்கும் சத்தத்தின் அளவு, விரைவுச்சாலையில் வண்டி நிலைகொண்டு ஓடும் விதம் எல்லாவற்றிலும் வேறுபாடு தெரியும். அந்த வேறுபாட்டுக்கு நீங்கள் எவ்வளவு தரத் தயார் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இரண்டு லட்சம் வெள்ளி என்கிறார்களே, அதில் காருக்கு எவ்வளவு?

பலருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொன்னதே இல்லை. ஆகவே ஒரு காரை எடுத்துக்கொண்டு முழுவதையும் போட்டுப் பார்ப்போம்.

கார் சிங்கப்பூருக்கு வந்து இறங்கும்போது சுங்கத்துறை அதற்கு ஒரு மதிப்பை நிர்ணயிக்கிறது. அதுதான் பொதுச் சந்தை மதிப்பு. எல்லாரும் ஓஎம்வி என்பார்கள். நம் காரின் ஓஎம்வி 28,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 விழுக்காடு கலால் வரி, 5,600 வெள்ளி. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 3,024 வெள்ளி. அடுத்தது கூடுதல் பதிவுக் கட்டணமான ஏஆர்எஃப். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு, அதற்கு மேல் 190, 250, 320 என்று படிப்படியாக ஏறும். நம் காருக்கு 20,000 வெள்ளியோடு 11,200 வெள்ளி சேர்ந்து 31,200 வெள்ளி வரும். பதிவுக் கட்டணம் 350 வெள்ளி. எல்லாம் கூட்டினால் 68,174 வெள்ளி.

இதோடு, ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ. அது ஒரு லட்சம் வெள்ளி என்றால் மொத்தம் 168,174 வெள்ளி. விற்பனை விலை இரண்டு லட்சம் வெள்ளியானால், மிச்சமுள்ள 31,826 வெள்ளி முகவரின் செலவும் லாபமும். காரின் மாசு வெளியீட்டைப் பொறுத்துத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ இந்தக் கணக்கை முன்பின் நகர்த்தும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த பொருளின் மதிப்பு 28,000 வெள்ளி. அதைப் பத்தாண்டு சாலையில் வைத்திருக்கும் உரிமையின் விலை ஒரு லட்சம். இந்த ஊரில் நாம் வாங்குவது ஆண்டுகளை. கார் அந்த ஆண்டுகளோடு சேர்ந்து வருகிறது. புதியதா பழையதா என்ற கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஏ பிரிவு, பி பிரிவு என்ன வேறுபாடு? ஏ பிரிவில் வாங்கினால் ஏமாந்துவிட்டோமா?

சிஓஇ முறை 1990-இல் வந்தது. சிறிய கார்களுக்கு ஏ பிரிவு, பெரியவற்றுக்கு பி பிரிவு. முன்பு ஏ பிரிவுக்கு 1,600 சிசி என்ற ஒரே எல்லை இருந்தது. டர்போ பொருத்திய 1.6 லிட்டர் ஐரோப்பியச் சொகுசு கார்கள் அந்த எல்லைக்குள் வசதியாக நுழைந்தன. சாதாரணக் குடும்பக் கார் வாங்க வந்தவர்கள் அவற்றோடு ஏலத்தில் மோத வேண்டியிருந்தது. ஆகவே 2014 பிப்ரவரி முதல் இயந்திரத் திறன் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. மின்சாரக் கார்களுக்கு 2022 மே மாதத்திலிருந்து அந்த எல்லை 110 கிலோவாட்.

அதன் பிறகு தயாரிப்பாளர்கள் திறன் குறைந்த வகைகளை இங்கே கொண்டுவரத் தொடங்கினார்கள். பிஎம்டபிள்யூ 216ஐ கிரான் கூப்பே அப்படிப்பட்ட ஒன்று. மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர், 80 கிலோவாட். நகரத்துக்குள் இதில் எந்தக் குறையும் தெரியாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் நுழைவுப்பாதை ஏறும்போதுதான் சற்றுத் திணறும். ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒரே பெயர் கொண்ட கார் வெளிநாட்டுக் காணொளிகளில் பறப்பதைப் பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

பி பிரிவு எப்போதும் விலை அதிகம் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு பிரிவுக்கும் இடையே உள்ள இடைவெளி சில சமயம் சுருங்கும், சில சமயம் விரியும். 2023 அக்டோபர் 18 ஏலத்தில் அது நன்றாகவே விரிந்திருந்தது: ஏ பிரிவு 106,000 வெள்ளி, பி பிரிவு 150,001 வெள்ளி. இடைவெளி சிறிதாக இருக்கும் மாதத்தில் முழுத்திறன் கொண்ட கார் வாங்குவதே மேல்.

சிஓஇ உறுதி என்று விற்பனையாளர் சொல்கிறார். அதன் பொருள் என்ன?

ஏலம் மாதத்துக்கு இரண்டு முறை நடக்கும். வழக்கமாகத் திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முடியும். உங்கள் சார்பில் முகவரே ஏலக்குத்தகையில் பங்கேற்பார். உறுதி செய்யப்பட்ட திட்டத்தில், சிஓஇ எவ்வளவு ஏறினாலும் ஒப்புக்கொண்ட விலைக்கே கார் கிடைக்கும். உறுதியற்ற திட்டத்தில், ஒப்புக்கொண்ட தொகைக்குள் கிடைக்காவிட்டால் நீங்கள் கூடுதல் பணம் கட்ட வேண்டும் அல்லது காத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டியது திரும்பக் கிடைக்கும் தொகைக்கான வரம்பு. சிஓஇ அந்த வரம்புக்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தை உங்களுக்குத் தர வேண்டும். இரண்டு காட்சிக்கூடங்கள் ஒரே விலை சொல்லும்; ஒன்றில் வரம்பு 95,000 வெள்ளி, மற்றொன்றில் 80,000 வெள்ளி என்று இருக்கும். சிஓஇ 85,000 வெள்ளியில் முடிந்தால் முதல் இடத்தில் 10,000 வெள்ளி திரும்ப வரும், இரண்டாம் இடத்தில் ஒன்றும் வராது. அலெக்சாண்டிரா சாலையிலும் லெங் கீ சாலையிலும் காட்சிக்கூடங்கள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே பிற்பகலில் மூன்று ஒப்பந்தங்களை ஒப்பிட்டுவிடலாம். அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படியானால் புதியதா, பழையதா?

ஓர் ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்று பாருங்கள். இரண்டு லட்சம் வெள்ளிக்குப் புதிய கார் வாங்கிப் பத்தாண்டும் ஓட்டினால், இறுதியில் திரும்பக் கிடைக்கும் தொகையைச் சேர்க்காமல், ஆண்டுக்கு 20,000 வெள்ளி. பழைய காருக்கு, கேட்கும் விலையிலிருந்து பத்தாம் ஆண்டு இறுதியில் கிடைக்கும் பார்ஃப் கழிவைக் குறைத்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுக்க வேண்டும்.

பார்ஃப் என்பது காரைப் பத்தாண்டுக்குள் பதிவுநீக்கம் செய்தால் ஏஆர்எஃப் தொகையில் ஒரு பங்கைத் திரும்பத் தருவது. 2023 பிப்ரவரிக்கு முன்பு பதிவான கார்களுக்கு ஐந்து வயதுக்குள் 75 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து பத்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. இந்த விதிகளை அரசாங்கம் வரவுசெலவுத் திட்டத்தில் மாற்றுவதுண்டு. 2023-இல் 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. நம் வகைக் கார்களின் ஏஆர்எஃப் அந்த அளவுக்குப் போவதில்லை என்பதால் அது நம்மைத் தொடவில்லை. எந்தக் காருக்கு எந்த விதி என்பதை அது பதிவான நாள் தீர்மானிக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் அந்தக் காருக்கான தொகையையே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடுத்துக்காட்டு. நாம் பேசிய அதே கார், ஆறு வயதைத் தாண்டியது, நான்கு ஆண்டு சிஓஇ மிச்சம், விலை 80,000 வெள்ளி. இறுதியில் பார்ஃப் 15,600 வெள்ளி. ஆகவே 64,400 வெள்ளியை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 16,100 வெள்ளி. திரும்பக் கிடைக்கும் தொகையைச் சேர்க்காமல் பார்த்த புதியதைவிட ஏறத்தாழ 4,000 வெள்ளி குறைவு. அந்த 4,000 வெள்ளி ஒரு பெரிய பழுதில் காணாமல் போகலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

என் கருத்து இது. பத்தாண்டும் வைத்து ஓட்டுவேன் என்ற உறுதியும், முன்பணம் போக ஆறு மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பும் இருந்தால் புதிய கார் வாங்குங்கள். மூன்று நான்கு ஆண்டில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர்கள் புதிய கார் வாங்குவது வீண். முகவரின் லாபமாகப் போன அந்த முப்பதாயிரத்தை முதல் ஆண்டிலேயே இழந்துவிடுவார்கள். முதல் சொகுசு கார், குடும்பத்தில் ஒரே கார் என்றால் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள, ஒரே உரிமையாளர் ஓட்டிய, பராமரிப்புப் பதிவு முழுமையாக உள்ள காரைத்தான் நான் பரிந்துரைப்பேன். முதல் சில ஆண்டுகளில் வரும் சிறு கோளாறுகளை அந்த உரிமையாளர் உத்தரவாதக் காலத்திலேயே சரிசெய்திருப்பார். உங்களுக்கும் போதிய ஆண்டுகள் மிச்சம் இருக்கும்.

பேப்பர் வேல்யூ என்று வியாபாரிகள் பேசுகிறார்களே?

காரை இன்றே பதிவுநீக்கம் செய்தால் கிடைக்கும் பணம். பார்ஃப் கழிவும், சிஓஇயில் மிச்சமுள்ள காலத்துக்கான பங்கும் சேர்ந்தது. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

மேலே சொன்ன ஆறு வயதுக் கார் 36,000 வெள்ளி சிஓஇயில் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கான பங்கு 14,400 வெள்ளி. இன்றைய பார்ஃப் 65 விழுக்காடு, 20,280 வெள்ளி. பேப்பர் வேல்யூ 34,680 வெள்ளி. நீங்கள் கொடுப்பது 80,000 வெள்ளி. இடையே உள்ள 45,320 வெள்ளி சந்தையின் கையில் இருக்கிறது. புதிய சிஓஇ விலை சரிந்தால் உங்கள் காரின் மதிப்பு இந்த 34,680 வெள்ளியை நோக்கிச் சரியும். அதுவே ஒரு லட்சம் வெள்ளி சிஓஇயில் பதிவான காராக இருந்தால், மிச்சமுள்ள நான்கு ஆண்டுக்கே 40,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும். தரை மேலே இருக்கிறது, விழுந்தாலும் அடி குறைவு. இரண்டு கார்களுக்கு ஆண்டுத் தேய்மானம் ஒன்றாக இருந்தால், பேப்பர் வேல்யூ அதிகமுள்ள காரை எடுங்கள்.

கடன் எவ்வளவு கிடைக்கும்?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை. அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு வரை. நம் வகைக் கார்கள் பெரும்பாலும் இரண்டாவதில் விழும். தவணைக் காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டு. இரண்டு லட்சம் வெள்ளி காருக்கு 80,000 வெள்ளி ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். பழைய காருக்கும் இதே விதி. சிஓஇ முடிவதற்குள் கடனும் முடிய வேண்டும்.

வட்டியைக் கவனியுங்கள். 2.5 விழுக்காடு என்று விளம்பரம் செய்வது நிலையான வட்டி. நீங்கள் மாதந்தோறும் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் கடன் தொகைக்கே கடைசி வரை வட்டி போடப்படும். 120,000 வெள்ளிக்கு ஏழு ஆண்டில் 21,000 வெள்ளி வட்டி. மாதத் தவணை சுமார் 1,679 வெள்ளி. வீட்டுக் கடன் போலக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 4.7 விழுக்காடு. இடையில் கடனை அடைத்தால் மிச்ச வட்டி முழுவதும் தள்ளுபடி ஆகாது. அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

சில வியாபாரிகள் தங்கள் வழியாகக் கடன் எடுத்தால் கார் விலையைக் குறைப்பதாகச் சொல்வார்கள். குறைத்த 2,000 வெள்ளியை வட்டியில் திரும்ப எடுத்துவிடலாம். விலையையும் வட்டியையும் நிர்வாகக் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லி, கடைசியில் உங்கள் கையைவிட்டுப் போகும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

மேலே சொன்ன தவணை 1,679 வெள்ளி. காப்புறுதி ஆண்டுக்கு 1,800 வெள்ளி என்றால் மாதம் 150 வெள்ளி. 1,498 சிசி காருக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 683 வெள்ளி, மாதம் 57 வெள்ளி. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் குடும்பத்தின் முதல் காருக்கு மாதம் 110 வெள்ளி. பெட்ரோலுக்கும் இஆர்பி சாலைக் கட்டணத்துக்கும் 300 வெள்ளி, பராமரிப்புக்கு 100 வெள்ளி என்று வைத்தால் கூட்டுத்தொகை ஏறக்குறைய 2,400 வெள்ளி. அலுவலகத்தில் கார் நிறுத்தும் கட்டணம் இதில் சேரவில்லை. தம்பதியர் இருவரில் ஒருவருக்கு வேலை போனாலும் இந்தத் தொகையை ஆறு மாதம் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பதில் இழுபட்டால் இன்னும் ஓராண்டு காத்திருப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

இணை இறக்குமதியாளரிடம் விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், விசாரித்துவிட்டு. இவர்கள் பிரிட்டனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ காரை நேரடியாக இறக்குவார்கள். அதிகாரபூர்வ முகவரிடம் இல்லாத வசதிகள் சில சமயம் கிடைக்கும். ஆனால் உத்தரவாதம் இறக்குமதி செய்த நிறுவனத்தைச் சார்ந்தது; அந்த நிறுவனம் மூடப்பட்டால் உத்தரவாதமும் போயிற்று. ஜப்பானிலிருந்து வந்த காரில் திரை முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கக்கூடும். காப்புறுதி நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கிறதா என்பதையும் முன்பே கேளுங்கள்.

வெளிப் பட்டறையில் பராமரித்தால் உத்தரவாதம் போய்விடுமா?

முன்பு பல முகவர்கள் அப்படித்தான் நிபந்தனை வைத்திருந்தார்கள். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு அந்த நிபந்தனையைக் கார் முகவர்கள் நீக்கிவிட்டதாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வெளிப் பட்டறை செய்த வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் உத்தரவாதம் பொருந்தாது. ஆயினும் சொகுசு காரை மறுபடி விற்கும்போது முகவரின் பராமரிப்புப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. உத்தரவாதக் காலம் முடியும்வரை முகவர், பிறகு அந்தச் சின்னத்தில் பழகிய ஒரு நல்ல பட்டறை என்பது எங்கள் வழி. சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் அத்தகைய பட்டறைகள் இருக்கின்றன.

பழைய காரில் எதைச் சோதிக்க வேண்டும்?

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். ஐந்து வயதான ஐரோப்பியக் கார் ஒன்றை வாங்கினோம். வெள்ளை நிறம், உள்ளே கறுப்புத் தோல் இருக்கை, ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வெறிச்சோடிய சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய் போல் ஓடியது. மூன்றாவது வாரம் மத்திய விரைவுச்சாலை நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே வண்டி குலுங்க ஆரம்பித்தது. பட்டறையில் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுத் தொகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள். வியாபாரி தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். என் மாமியார் தீபாவளிக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் அதில் போட வேண்டி வந்தது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அன்று நாங்கள் செய்யத் தவறியவை இவை. இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ள கார்களில், அதிலும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையில், ஊர்ந்து செல்லும் நெரிசலே உண்மையான சோதனை. வெயிலும் நெரிசலும் சேர்ந்து கிளட்சைச் சூடேற்றும். ஆகவே வேலைநாள் மாலையில், குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, மெல்ல நகரச் செய்யுங்கள். பின்னோக்கி ஏறச் செய்யுங்கள். தயக்கமோ குலுக்கலோ முனகலோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

குளிர்சாதனத்தை முழுவேகத்தில் வைத்து அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். கூரைக் கண்ணாடி உள்ள காராக இருந்தால் கால்விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பருவமழை நாட்டில் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். சில பிஎம்டபிள்யூ கார்களில் காற்றுப் போனாலும் ஓடும் டயர்கள் இருக்கும். நான்கையும் மாற்றினால் பை நன்றாகவே காலியாகும் என்பதால் டயரின் தேய்வைக் கவனியுங்கள்.

நீங்களாகப் பார்ப்பது போதாது. விக்கோம், எஸ்டிஏ, சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் ஆகிய இடங்களில் வாங்குவதற்கு முந்திய சோதனை செய்து அறிக்கை தருகிறார்கள். இரண்டு மூன்று நூறு வெள்ளிக்கு யோசிக்காதீர்கள். சோதனைக்கு அனுப்ப மறுக்கும் வியாபாரியிடம் பேச வேறொன்றும் இல்லை. ஆவணங்களில் எத்தனை கை மாறியது, முதல் பதிவு நாள், ஓஎம்வி, ஏஆர்எஃப், கட்டிய சிஓஇ எல்லாவற்றையும் விளம்பரத்தோடு ஒத்துப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கடன் அடைந்துவிட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பின் பழுது வந்தால் சட்டம் துணை நிற்குமா?

நிற்கும். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டம் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், விலைக் குறைப்பு, பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகிய வழிகள் உண்டு. பழைய காருக்கு அதன் வயதும் விலையும் கருத்தில் கொள்ளப்படும். இயல்பான தேய்மானம் குறையாகாது. தனிமனிதரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பயனீட்டாளர் சங்கமான கேசின் நம்பிக்கை முத்திரை பெற்ற வியாபாரிகளைத் தேடுங்கள். எங்களுக்கு இந்த விவரம் அன்று தெரிந்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்புகளோடு நின்றிருக்க மாட்டோம்.

பத்தாண்டு முடிந்ததும் சிஓஇயைப் புதுப்பிக்கலாமா?

புதுப்பிக்கலாம். கடந்த மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டிப் பத்தாண்டுக்கோ, அதில் பாதியைக் கட்டி ஐந்தாண்டுக்கோ நீட்டிக்கலாம். ஐந்தாண்டு எடுத்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. பார்ஃப் கழிவு கைவிட்டுப் போகும். பத்து வயதுக்கு மேல் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக, ஐம்பது வரை கூடுதல் கட்டணம் ஏறும். சோதனையும் ஆண்டுதோறும் உண்டு. எளிய ஜப்பானியக் காருக்கு இது நல்ல வழி. மின்னணுப் பாகங்கள் நிறைந்த சொகுசு காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மின்சாரக் காரா, பெட்ரோலா?

2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. அதே 2030-க்குள் 60,000 மின்னூட்ட முனைகள் அமைப்பது இலக்கு. உங்கள் புளோக்கின் கார் நிறுத்தத்தில் எத்தனை முனைகள் உள்ளன, இரவு பத்து மணிக்கு எத்தனை காலியாக இருக்கின்றன என்று ஒரு வாரம் கீழே இறங்கிப் பாருங்கள். அதுவே உங்களுக்கான பதில். மின்சாரக் காரின் சாலை வரி பெரும்பாலும் பெட்ரோல் காரைவிடக் கூடுதலாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவுக்கு ஓட்டிச் செல்ல என்ன ஏற்பாடு?

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியான விஇபியைப் பெற்று அதன் ஒட்டுவில்லையைப் பொருத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அபராதம் முழுமையாக நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். அங்கே ரோன் 95 பெட்ரோல் வெளிநாட்டுக் கார்களுக்கு இல்லை, 97 போட வேண்டும். மாற்று டயர் இல்லாத கார்கள் இந்த வகையில் அதிகம். ஈப்போவுக்கோ பினாங்குக்கோ குடும்பத்தோடு போவதற்கு முன் டயர் ஒட்டும் கருவி காரில் இருக்கிறதா, அதன் காலாவதி நாள் எது என்று பாருங்கள்.

காரை எடுக்கும் நாளில் என்ன செய்வது?

நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சை நசுக்கி, கோவிலில் பூசை போடுவது நம் வழக்கம். சிராங்கூன் சாலைக் கோவில்களில் பூமாலையோடு புதுக் கார் நிற்கும் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் நல்ல நேரம் தவறிவிடும் என்ற அவசரத்தில் சோதனையைச் சுருக்காதீர்கள்; ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிலோமீட்டர் அளவு, இரண்டு சாவிகள், பராமரிப்புப் புத்தகம், ஒப்பந்தத்தில் எழுதிய பொருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய காராக இருந்தால் சிங்பாஸ் வழியாக உரிமை மாற்றம் முடிந்து, காப்புறுதி உங்கள் பெயரில் தொடங்கிவிட்டதை உறுதி செய்யுங்கள். மீதித் தொகையை அதன் பிறகு கொடுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.